ஸ்காபா ஃப்ளோ: எட்டு டிகிரி நீரில் ஒரு கப்பற்படை

மே 12, வெள்ளி – தர்சோ

ஸ்காட்லாந்தின் வடக்கு ஓரத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். ஸ்காபா ஃப்ளோவில் மூழ்கிக் கிடக்கும் ஜெர்மன் போர்க்கப்பல்களில் டைவ் செய்ய வந்தவன் நான். ஓர்க்னித் தீவுகளுக்குப் போக வேண்டிய மாலைக் கப்பல் காற்றினால் ரத்து. கிளாஸ்கோவிலிருந்து ஆறு மணிநேரத்துக்கும் மேல் கார் ஓட்டி ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்துக்கு வந்து வரிசையில் நின்றபோது, முன்னால் ஆட்டுக்குட்டிகள் ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் இறங்கிக் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் கார்க் கண்ணாடியைத் தட்டி, "இன்றைக்குப் போகாது. இப்போதே போய் ரூம் பிடித்துவிடுங்கள், அரை மணியில் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள்" என்றார். அதிகாரபூர்வ அறிவிப்பு வந்தது அதற்கு இருபது நிமிடம் கழித்து. அவர் சொல்லியிருக்காவிட்டால் ராத்திரி காரில்தான் படுத்திருப்பேன்.

ரூம் 75 பவுண்டு. சாப்பாட்டுக்குக் கல்லன் ஸ்கிங்க் என்ற சூப் வாங்கினேன். புகைபோட்ட ஹாடாக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். காரம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஆனால் அந்தக் காற்றில் நின்றுவிட்டு வந்தவனுக்கு அதைவிட நல்ல சாப்பாடு இருக்க முடியாது. கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டேன்.

தூத்துக்குடியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "அங்க என்ன மீன்டா கிடைக்குது?" சொன்னேன். "முள் ஜாஸ்தியா?" "இல்லம்மா, பெரிய முள்ளுதான்." "அப்ப பரவாயில்ல." நாளை மறுநாள் எட்டு டிகிரித் தண்ணீரில் இறங்கப் போகிறேன் என்பதைச் சொல்லவில்லை.

மே 13, சனி – ஸ்ட்ராம்னெஸ்

காலையில் கப்பல் கிளம்பிவிட்டது. ஒன்றரை மணிநேரப் பயணம். ஹாய் தீவின் மேற்குக் கரையை ஒட்டிப் போகிறது. 137 மீட்டர் உயரத்துக்குத் தனியாக நிற்கும் பாறைத்தூணை இங்கே 'ஓல்ட் மேன் ஆஃப் ஹாய்' என்கிறார்கள். எல்லாரும் மேல்தளத்துக்கு ஓடினார்கள். நேற்றைய காற்றின் மிச்சம் கடலில் இருந்ததால், பாதிப் பேர் படம் எடுக்காமலே உள்ளே திரும்பினார்கள்.

ஸ்ட்ராம்னெஸ் ஒரே தெருவில் அடங்கிவிடும் ஊர். கல் பாவிய குறுகலான தெரு. இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கல்வீடுகள். கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்குப் பின்கதவைத் திறந்தால் படகுத்துறை. எங்கள் டைவிங் படகு துறையிலேயே கட்டிக் கிடந்தது. இனி ஒரு வாரம் தூக்கம், சாப்பாடு, காற்று நிரப்புவது எல்லாம் அதில்தான். படகோட்டும் ஸ்கிப்பரையும் சமையல்காரரையும் விட்டால் பத்துப் பேர். எனக்கு ஜோடியாகச் சேர்த்தது இங்கிலாந்தின் ஹல் நகரத்துக்காரர் ஒருவரை. தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்குகிறார். 1980-களிலிருந்து இங்கே வருகிறாராம்.

நான் டைவிங் கற்றது புதுச்சேரியில். அங்கே தண்ணீர் 28 டிகிரி. மெல்லிய உடுப்பு, ஒற்றை சிலிண்டர், இறங்கினால் போதும். இங்கே தண்ணீர் உள்ளே புகாத ட்ரைசூட், அதற்குள் இரண்டு அடுக்குக் கம்பளி உடுப்பு, முதுகில் இரட்டை சிலிண்டர், கழுத்துவரை மூடிய தலையுறை, தனிக் கையுறை. எல்லாம் மாட்டிக்கொண்டால் நாற்பது கிலோவுக்கு மேல். இரண்டு குளிர்காலம் ஸ்காட்லாந்து ஏரிகளில் பழகிவிட்டுத்தான் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டினேன்.

மே 14, ஞாயிறு – கார்ல்ஸ்ரூஹ

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தக் கடலில் இறங்கினால் துருப்பிடித்த இரும்பைத்தான் பார்க்க முடியும்.

ஸ்காபா ஃப்ளோ என்பது ஓர்க்னித் தீவுகள் சுற்றி வளைத்து நிற்கும் ஒரு பெரிய உள்கடல். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கடற்படையின் முக்கியத் தளம். 1918 நவம்பரில் போர் நிறுத்தம் வந்ததும், ஜெர்மனியின் பெருங்கடற்படையிலிருந்து 74 கப்பல்களை இங்கே கொண்டுவந்து நிறுத்திவைத்தார்கள். சரணடைந்த கப்பல்கள் இல்லை. சமாதான ஒப்பந்தம் முடிவாகும்வரை காவலில் இருந்தவை. மாலுமிகள் கரையில் கால் வைக்க அனுமதி கிடையாது. ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குப் போகவும் கூடாது. சாப்பாடுகூட ஜெர்மனியிலிருந்துதான் வந்தது. ஏழு மாதம் அப்படி ஓடியது.

1919 ஜூன் 21. காவலுக்கு நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் காலையில் பயிற்சிக்காக வெளிக்கடலுக்குப் போயிருந்தன. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல் போர் மறுபடி தொடங்கினால் கப்பல்கள் எதிரி கைக்குப் போய்விடும் என்று பயந்த அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர், முன்கூட்டியே பேசிவைத்திருந்த சமிக்ஞையைக் கொடுத்தார். கப்பல்களின் அடியிலுள்ள நீர்வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். நடுப்பகலுக்குக் கொஞ்சம் பிறகு ஃப்ரீட்ரிக் டெர் குரோஸ முதலில் மூழ்கியது. மாலை ஐந்து மணிக்கு ஹிண்டன்பர்க் கடைசியாக. மொத்தம் 52 கப்பல்கள். அன்றைக்கென்று பார்த்து ஸ்ட்ராம்னெஸ் பள்ளிப் பிள்ளைகள் கப்பல்களைப் பார்க்க ஒரு படகில் சுற்றுலா வந்திருந்தார்கள். ஒரு கடற்படையே கவிழ்வதைக் கண்ணெதிரே பார்த்த பிள்ளைகள் அவர்கள்.

பெரும்பாலானவற்றைப் பின்னாளில் தூக்கிவிட்டார்கள். இப்போது அடியில் கிடப்பவற்றில் பெரியவை ஏழு: கோனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப் என்ற மூன்று பெரும் போர்க்கப்பல்கள், கோல்ன், ட்ரெஸ்டன், ப்ரும்மர், கார்ல்ஸ்ரூஹ என்ற நான்கு இலகு க்ரூஸர்கள், அதாவது அவற்றைவிடச் சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்.

முதல் நாள் பழக்கத்துக்காக, இருப்பதில் ஆழம் குறைந்த கார்ல்ஸ்ரூஹ. அடி 25 மீட்டர் சுற்றி. படகின் பக்கவாட்டுக் கதவில் நின்று ஸ்கிப்பர் "போ" என்றதும் ஓரடி எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். குளிர் முதலில் உதட்டில் அடித்தது. உடம்பில் வெளியே தெரிவது அது மட்டும்தான். ஐந்து நிமிடத்தில் உதடு மரத்துப் போகிறது. வாயில் மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர் இருக்கிறதா என்று பல்லால் கடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மிதவைக் கயிற்றைப் பிடித்து இறங்க இறங்கப் பச்சை அடர்த்தியாகி, பிறகு கறுப்பாகிறது. டார்ச் வெளிச்சத்தில் ஏழெட்டு மீட்டர் தெரிந்தது. கார்ல்ஸ்ரூஹ வெடிவைத்து உலோகம் எடுக்கப்பட்ட கப்பல், நடுப்பகுதி சிதறிக் கிடக்கிறது. முன்பகுதியில் நங்கூரம் சுற்றும் இரண்டு உருளைகள் மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் என் இடுப்பைவிடப் பருமன். அதன் மேல் வெள்ளை மென்பவளமும் கடல் சாமந்தியும் இடைவெளி இல்லாமல் முளைத்திருந்தன.

மேலே வந்ததும் தக்காளி சூப்பும் சூடான ரொட்டியும். நான் ஊரிலிருந்து வந்த சுக்குமல்லிப் பொடியைப் படகின் கெட்டிலில் போட்டுக் கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்தேன். ஹல்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "தொண்டைக்குள்ளே நெருப்பு வைத்ததுபோல் இருக்கிறது, இன்னொரு கப் கொடுங்கள்" என்றார். அதிலிருந்து மேலே வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான்.

மே 15, திங்கள் – கோல்ன்

வாடகைக்கு எடுத்த ட்ரைசூட்டின் ஜிப் ஒழுகியது. கோல்னில் 30 மீட்டரில் இருக்கும்போது முதுகின் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குக் குளிர் இறங்கியது. கம்பளி நனைந்தால் அப்புறம் சூடு நிற்காது. ஹல்காரருக்கு டார்ச்சால் சைகை காட்டினேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, கட்டைவிரலை மேலே காட்டிவிட்டுத் திரும்பினார். ஆனால் நினைத்ததும் மேலே வந்துவிட முடியாது. ஆறு மீட்டரில் நின்று நைட்ரஜன் உடம்பைவிட்டு வெளியேறக் காத்திருக்க வேண்டும். அந்த நிறுத்தத்தில் நடுங்கிக்கொண்டு நின்றபோது அவர் என் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், கண்ணைப் பார்த்தபடி. அவருக்கும் அது வீணாய்ப் போன டைவ். படகில் ஏறியதும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பையிலிருந்து மாற்றுக் கம்பளி உடுப்பை எடுத்து என் படுக்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஸ்கிப்பர் படகிலிருந்த இன்னொரு ட்ரைசூட்டைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "ஒரு கேக் வாங்கி வையுங்கள் போதும்" என்றார்.

மதியம் மறுபடி அதே கோல்ன். 155 மீட்டர் நீளக் க்ரூஸர், வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. நான்கு க்ரூஸர்களில் நல்ல நிலையில் இருப்பது இதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தளம் செங்குத்துச் சுவராக நிற்கிறது. அதை ஒட்டி நீந்தினால் கதவு, படிக்கட்டு, கொடிமரம் எல்லாம் படுக்கைவாட்டில் வருகின்றன. கொஞ்ச நேரத்துக்கு எது மேல், எது கீழ் என்று மூளை குழம்பும். மூச்சுக் குமிழி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

தளபதி நிற்கும் கவசக் கூண்டின் அருகே போனேன். பார்க்கும் துவாரம் ஒரு சாண் உயரம்கூட இல்லை. டார்ச்சை உள்ளே செலுத்தினேன். வண்டல். அதன் மேல் நீளமான லிங் மீன் ஒன்று அசையாமல் கிடந்து என்னைப் பார்த்தது. துவாரத்தின் விளிம்பு மட்டும் பாசி பிடிக்காமல் சுத்தமாக இருந்தது. நூறு வருடம் கழித்தும் அந்த எஃகின் விளிம்பு கூர் மழுங்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எம்டன் பேச்சு வந்தது. நான்தான் ஆரம்பித்தேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கப்பலை நம் ஊரில் தெரியாதவர் உண்டா? உயர் நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. அந்த எம்டன் அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே அழிந்தது. அதன் பெயரையே வைத்துக் கட்டிய புதிய எம்டன் இங்கே, இந்த ஸ்காபாவில் நின்றிருக்கிறது. அட்மிரல் ராய்ட்டர் முதலில் இருந்த கப்பலில் புரட்சி மனநிலையில் இருந்த மாலுமிகள், அவர் அறைக்கு மேலே ராத்திரியெல்லாம் காலால் தட்டித் தூங்கவிடாமல் செய்தார்கள். அதனால் தன் கொடியை எம்டனுக்கு மாற்றிக்கொண்டார். கடற்படையை மூழ்கடிக்கும் உத்தரவு போனது அந்தக் கப்பலிலிருந்துதான். பிரிட்டிஷ்காரர்கள் எம்டனை மூழ்கவிடாமல் இழுத்துக் கரைதட்ட வைத்துவிட்டார்கள். பின்னால் பிரான்ஸில் உடைத்துப் போட்டார்கள். நாற்பது வருடமாக இங்கே வருகிற ஹல்காரருக்குச் சென்னைக் கதை தெரியாது. எண்ணெய்த் தொட்டி எரிந்ததை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மே 16, செவ்வாய் – க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம்

இதற்காகத்தான் வந்தேன்.

மூன்று பெரும் போர்க்கப்பல்களும் கவிழ்ந்து கிடக்கின்றன. மேலே பீரங்கி, கவசம், கோபுரம் என்று அத்தனை பாரம். தண்ணீர் ஏற ஏற நிலைகுலைந்து, போகிற போக்கில் தலைகீழாகிவிட்டன. 175 மீட்டர் நீளம், 25,000 டன்னுக்கு மேல் எடை. கயிற்றில் இறங்கினால் முதலில் தட்டுப்படுவது கப்பலின் வயிறு. திடல்போல் பரந்த எஃகு. அதன் ஓரம்வரை நீந்திப் போய்ப் பக்கவாட்டில் இறங்க வேண்டும்.

36 மீட்டரில் கடல்தரைக்கும் கவிழ்ந்த தளத்துக்கும் நடுவே ஒரு இடுக்கு. தலைக்கு மேலே ஒரு போர்க்கப்பல் முழுதும் கவிழ்ந்திருக்க, அந்த நிழலுக்குள் ஹல்காரர் டார்ச்சைத் திருப்பினார். பீரங்கிக் குழல். 30.5 சென்டிமீட்டர் வாய். வண்டலுக்கு அரை மீட்டர் மேலே கிடையாக நீள்கிறது. கோபுரம் கடல்தரையில் பதிந்திருக்கிறது. குழலின் மேல் கையுறைக் கையை வைக்காமல் ஒட்டி நீட்டிப் பார்த்தேன். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை எவ்வளவோ, அவ்வளவுக்குக் குழலின் வெளிச்சுற்றில் ஒரு துண்டுதான் அடங்கியது. 1916-இல், பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாந்து போரில் சுட்ட பீரங்கி அது. இப்போது அதன்மேல் சிறு கடல் நட்சத்திரங்கள் கையைக் கோத்துக்கொண்டு படர்ந்திருக்கின்றன.

அங்கே நான்கு நிமிடம் இருந்திருப்போம். அந்த ஆழத்தில் காற்று வேகமாகக் கரையும், நிறுத்த நேரம் ஏறிக்கொண்டே போகும். கிளம்ப மனமில்லை. ஆனால் கணக்கு கணக்குதான்.

இந்தக் கப்பல்களைத் தூக்கிய கதையும் சாதாரணக் கதை இல்லை. எர்னஸ்ட் காக்ஸ் என்ற பழைய இரும்பு வியாபாரி 1924-இல் களத்தில் இறங்கினார். கப்பல் தூக்கி முன்அனுபவம் கிடையாது. சிறிய கப்பல்களை மிதக்கும் கூடத்தில் சங்கிலி கட்டித் தூக்கினார். பெரியவற்றுக்கு வேறு வழி பிடித்தார். கவிழ்த்த டம்ளரைத் தண்ணீரில் அழுத்தினால் காற்று உள்ளேயே நிற்கிறதே, அதே முறை. ஓட்டைகளை டைவர்களை வைத்து அடைத்து, உள்ளே அழுத்தக் காற்றை நிரப்பி, தண்ணீரை வெளியே தள்ளினார். தலைகீழாகவே மேலே வந்த கப்பல்களைத் தலைகீழாகவே ஸ்காட்லாந்தின் ராசைத் துறைமுகம்வரை இழுத்துக்கொண்டு போய் உடைத்தார்கள். எஞ்சியவை தூக்குவதற்குக் கட்டுப்படியாகாத ஆழத்தில் கிடந்தன. அவற்றிலிருந்தும் வெடிவைத்துத் துண்டு துண்டாக உலோகம் எடுத்தார்கள். 1945-க்கு முன் உருக்கிய எஃகில் அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கம் கலந்திருக்காது. நுட்பமான கதிர்வீச்சுக் கருவிகள் செய்ய அந்த எஃகு தேவைப்பட்டது.

ராத்திரி ஹல்காரர் ஒரு விஷயம் சொன்னார். 1980-களில் எல்லாரும் கப்பலிலிருந்து எதையாவது கழற்றிக்கொண்டு வருவார்களாம். அவரும் ஒரு பித்தளை விளக்கு மூடியை எடுத்துப்போய் வீட்டு அலமாரியில் வைத்திருந்தார். "பேத்தி ஒருநாள், 'தாத்தா, இது யாருடையது?' என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை." பாதுகாக்கப்பட்ட சின்னமாக இவற்றை அறிவித்த பிறகு, அந்த மூடியை அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்துவிட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது. பார்க்கலாம், படமெடுக்கலாம், எதையும் எடுக்கக் கூடாது என்ற சட்டம் சரியான சட்டம். இன்னும் ஐம்பது வருடம் முன்னமே வந்திருக்க வேண்டும்.

இந்தக் கப்பல்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு என்பது இன்றுதான் தெரிந்தது. 2019-இல் மூன்று போர்க்கப்பல்களும் கார்ல்ஸ்ரூஹவும் இபே தளத்தில் விற்பனைக்கு வந்தன. போர்க்கப்பல் ஒன்று 25,500 பவுண்டு, கார்ல்ஸ்ரூஹ 8,500 பவுண்டு. வாங்கியவரும் ஓர் ஆணியைக்கூடக் கழற்ற முடியாது.

மே 17, புதன் – கரையில்

காற்று திரும்பிவிட்டது. டைவிங் கிடையாது என்று காலை ஆறரைக்கே ஸ்கிப்பர் சொல்லிவிட்டார். எனக்கு ஏமாற்றம் ஒன்றும் இல்லை. உடம்பு ஒருநாள் காயட்டும் என்றிருந்தது.

பஸ் பிடித்துக் கிர்க்வால் போனேன். 1137-இல் கட்டத் தொடங்கிய செயின்ட் மேக்னஸ் பேராலயம் சிவப்பு மணற்கல்லில் நிற்கிறது. உள்ளே ராயல் ஓக் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மணி இருக்கிறது. 1939 அக்டோபர் 14 அதிகாலையில், ஜெர்மன் நீர்மூழ்கி யூ-47 கிழக்குப் பக்கத்துச் சந்து வழியாக ஸ்காபாவுக்குள் நுழைந்து அதை அடித்தது. எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள். மணிக்குக் கீழே இருக்கும் புத்தகத்தில் பெயர்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் ஒரு பெயரைத் தேடி எடுத்து, விரலை அதன்மேல் வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

ராயல் ஓக்கும், 1917-இல் வெடித்துச் சிதறிய வான்கார்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் இதே உள்கடலில்தான் கிடக்கின்றன. அவை போர்க் கல்லறைகள். யாரும் டைவ் செய்யக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை கடற்படை டைவர்கள் ராயல் ஓக்கில் இறங்கிக் கொடியை மாற்றிவிட்டு வருவார்கள், அவ்வளவுதான். நாங்கள் இறங்கும் ஜெர்மன் கப்பல்களோடு யாரும் மூழ்கவில்லை, மாலுமிகள் படகேறி வெளியே வந்துவிட்டார்கள். ஆள் இல்லாத கப்பல்கள் என்பதால்தான் நமக்கு அனுமதி. கோல்னின் கூண்டுக்குள் டார்ச் அடித்தபோது எனக்குக் கூச்சம் வராததற்கு இதுதான் காரணம் என்று அந்தப் பெண்ணைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

மதியம் லாம்ப் ஹோம் என்ற சிறு தீவு. யூ-47 நுழைந்த வழிகளை அடைக்கச் சர்ச்சில் உத்தரவிட்ட தடுப்புகள் இப்போது தீவுகளை இணைக்கும் சாலை. கட்டும் வேலையில், வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகளையும் ஈடுபடுத்தினார்கள். அவர்கள் இரண்டு தகரக் கொட்டகைகளை ஒட்டவைத்து ஒரு தேவாலயம் செய்திருக்கிறார்கள். டொமெனிகோ கியோக்கெட்டி என்ற கைதி உள்ளே ஓவியம் தீட்டினார். செங்கல்லும் செதுக்கிய கல்லும் மாதிரி தெரிவதெல்லாம் தட்டையான பலகையில் வரைந்தது. விளக்குகள் மாட்டிறைச்சி டப்பாவை வெட்டிச் செய்தவை. வெளியே காற்று கொட்டகையை உலுக்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பேக்கரியில் பேர் பேனக் வாங்கினேன். இங்கே விளையும் பழைய பார்லி வகையில் சுடும் தடித்த ரொட்டி. லேசான புளிப்பும் மண்வாசனையும். ஓர்க்னி சீஸ் வைத்துச் சாப்பிட்டால் இன்னொன்று கேட்கும். கடைக்காரம்மா நான் டைவர் என்று கேட்டதும் ஒன்றுக்குக் காசு வாங்கவில்லை. ஸ்கிப்பருக்கான கேக்கும் அங்கேயே வாங்கினேன்: எலுமிச்சை கேக், ஒன்பது பவுண்டு.

மே 18, வியாழன் – மார்க்கிராஃப், லைனெஸ்

காற்று அடங்கி, கடல் வழவழவென்று கிடந்தது. மார்க்கிராஃப்தான் பெரியவற்றில் ஆழமானது, 45 மீட்டர். சாதாரணக் காற்று அந்த ஆழத்தில் மண்டையை மயக்கும் என்பதால் ஹீலியம் கலந்து இறங்கினோம். வெளிச்சம் இன்று கொஞ்சம் தாராளம், பத்து மீட்டருக்கு மேல். கப்பலின் முன்முனை நெட்டுக்குத்தாக மேலே போய் இருட்டில் மறைகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். இரண்டு பெரிய வ்ராஸ் மீன்கள் கடல் சாமந்திகளுக்கு நடுவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. கவசத் தகடுகளைப் பிய்த்தெடுத்த இடங்கள் கறுப்பு ஓட்டைகளாகத் தெரிந்தன. உள்ளே போகவில்லை, ஸ்கிப்பர் தடுத்திருந்தார், எங்களுக்கும் அந்த எண்ணம் இல்லை. நிறுத்தத்தில் அரை மணிநேரம். கையுறைக்குள் விரல்கள் மரத்து, க்ளிப்பைத் திறக்க மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

இரண்டு டைவுக்கும் நடுவே படகை லைனெஸ் துறையில் கட்டினார்கள். ஹாய் தீவில் பழைய கடற்படைத் தளம். அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லாரும் அங்கே போக, நானும் ஹல்காரரும் சாலையில் ஏறிக் கடற்படைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஜட்லாந்து, வான்கார்ட், ராயல் ஓக் என்று வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள். ஜெர்மன் மாலுமிகள் தனியாக ஒரு பக்கம்.

1919 ஜூன் 21 அன்று, கப்பல்கள் மூழ்குவதைப் பார்த்த பிரிட்டிஷ் காவலர்கள் வால்வை மூடச் சொல்லி மிரட்டினார்கள், சில இடங்களில் சுட்டார்கள். ஒன்பது ஜெர்மானியர்கள் செத்தார்கள். ஒரு வாரத்தில், ஜூன் 28-ஆம் தேதி, வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. செத்தவர்களில் ஒருவர் வால்ட்டர் ஷூமான், மார்க்கிராஃபின் கேப்டன். காலையில்தான் அவர் கப்பலைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். தலைமுடி இன்னும் காயவில்லை. கப்பல்களோடு யாரும் மூழ்கவில்லை என்று நேற்று எழுதியதை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒன்பது பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். துப்பாக்கி இல்லாதவர்கள், போர் ஓய்ந்து ஏழு மாதம் கழித்து, வீட்டுக்குப் போகக் காத்திருந்தவர்கள்.

ஹல்காரர் கல்லறைக் கல்லில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். "நான் இத்தனை வருடம் வந்தும் இங்கே ஏறி வந்தது நான்கைந்து தடவைதான் இருக்கும்" என்றார். மழை தூறத் தொடங்கியதும் இறங்கினோம்.

மே 19, வெள்ளி – டபார்கா

கடைசி நாள் பர்ரா சவுண்ட் என்ற கடற்சந்தில், வேறு வகையான டைவ். நீர்மூழ்கி நுழையாமல் இருக்கப் பிரிட்டிஷ்காரர்களே சந்துகளில் பழைய கப்பல்களை மூழ்கடித்து வைத்தார்கள். டபார்கா அதில் ஒன்று. நீரோட்டம் கடுமையானது, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நீர் நிற்கும் கொஞ்ச நேரத்தில் மட்டும்தான் உள்ளே இருக்க முடியும். ஸ்கிப்பர் கப்பலுக்கு நேர் மேலே கொண்டுபோய், "இப்போது, இப்போது, இப்போது" என்று எங்களை அடுத்தடுத்துத் தள்ளாத குறையாக இறக்கிவிட்டார். மிதக்காமல் நேராகத் தலைகீழாய்க் கீழே போக வேண்டும். தாமதித்தால் கப்பலைத் தாண்டிப் போய்விடுவோம்.

உள்ளே தண்ணீர் கண்ணாடி. கவிழ்ந்த உடலில் தகடு உதிர்ந்த துவாரங்கள் வழியாக வெயில் கற்றை கற்றையாக இறங்கியது. ஒரு வாரம் டார்ச்சிலேயே பார்த்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் போதை. கொதிகலன்களைச் சுற்றி நீந்தினோம். ஹல்காரர் ஒரு கற்றைக்குள் போய் முதுகைத் திருப்பி மல்லாந்தார். எழுபது வயதில், இரட்டை சிலிண்டரோடு.

துறைக்கு வந்ததும் கழுவுவது, காயவைப்பது. இரவு மீனும் சிப்ஸும், பதினோரு பவுண்டு, கடல் பார்த்த மதிலில் உட்கார்ந்து. ஒன்பதரைக்கும் வெளிச்சம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. இங்கே இறங்க ஆழ்நீர்ப் பயிற்சியும் ட்ரைசூட் பழக்கமும் கட்டாயம் வேண்டும்; வெந்நீர்க் கடலில் மட்டும் டைவ் செய்தவர்கள் நேரே இங்கே வராதீர்கள், முதலில் ஏதாவது ஏரியில் பழகிக்கொள்ளுங்கள். நீர் மே மாதத்தில் எட்டு, ஒன்பது டிகிரி. ஆகஸ்ட், செப்டம்பரில் பதின்மூன்று வரை ஏறும். ஒரு வாரத்தில் ஒருநாளாவது காற்றில் போகும், அதற்குத் தயாராக வாருங்கள். அந்த நாளில் லைனெஸ் போக முடிந்தால் போங்கள். மாற்றுக் கம்பளி உடுப்பு ஒரு ஜோடி, ட்ரைசூட்டின் கழுத்து சீல் ஒன்று கூடுதலாக. சுக்குமல்லிப் பொடி அரைக்கிலோ. நான் கொண்டுபோன கால் கிலோ வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டது.